மேக்கில் விர்ச்சுவலாக ஓடும் விண்டோஸ்: ஆன்டிவைரஸ், ஃபயர்வால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, மென்பொருளாலேயே உருவாக்கும் பேரலல்ஸ், விஎம்வேர் ஃப்யூஷன், யூடிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாக மேக்குக்குள் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. பதிப்புக்குப் பதிப்பு மெனுக்களின் பெயர் மாறும் என்பதால், எந்தப் பொத்தான் எங்கே என்பதைவிட எது எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்பதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

மேக்குக்குள்தானே ஓடுகிறது, அந்த விண்டோஸுக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வேண்டுமா?

வேண்டும். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸுக்குத் தான் மேக்குக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. தனக்கென்று ஒரு டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு, கொஞ்சம் மெமரி என்று ஒரு முழு கம்ப்யூட்டராகவே அது நடந்துகொள்கிறது. வைரஸும் அதை அப்படித்தான் பார்க்கும். ஆப்பிள் மேக்கில் வைத்திருக்கும் எக்ஸ்புரொடெக்ட், கேட்கீப்பர் போன்ற காவல்கள் மேக்கில் ஓடும் நிரல்களைத்தான் கவனிக்கின்றன. விண்டோஸுக்குள் நீங்கள் ஓடவிடும் எக்ஸ்இ கோப்பு (விண்டோஸ் நிரல்) அவற்றின் கண்ணில் படாது.

விண்டோஸில் வைரஸ் வந்தால் அது மேக்குக்கும் தொற்றுமா?

‘தொற்று’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் மேக் ஓஎஸ்ஸில் ஓடாது. அந்த வகையில் மேக் தப்பித்தது. ஆனால் உங்கள் கோப்புகள் தப்பித்தனவா என்பது வேறு கேள்வி.

பேரலல்ஸை நிறுவி, எதையும் மாற்றாமல் விட்டால் மேக்கின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்கள் விண்டோஸுக்குள்ளும் அப்படியே தெரியும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸுக்குள் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் ஒன்று நுழைந்தால் அது சி டிரைவோடு நிற்காது. தான் எழுதக்கூடிய எல்லா இடத்திலும் கோப்புகளைப் பூட்டிக்கொண்டே போகும். மேக்கில் இருக்கும் குடும்பப் படங்களும் அதன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மேக்குக்கு ஒரு நோயும் வராது, ஆனால் படம் ஒன்றுகூடத் திறக்காது.

நான் முதன்முதலில் இதை உணர்ந்தது ஒரு சின்ன சம்பவத்தில். விண்டோஸுக்குள் டெஸ்க்டாப் கலைந்து கிடக்கிறதே என்று பத்துப் பதினைந்து ஃபோல்டர்களை அழித்துத் தள்ளினேன். அப்புறம் மேக் பக்கம் வந்து பார்த்தால் அங்கேயும் டெஸ்க்டாப் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டும் ஒரே டெஸ்க்டாப். என் கை செய்ததை ஒரு வைரஸும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, பகிர்வை என்ன செய்வது? மொத்தமாக மூடினால் வேலை ஓடாதே.

மொத்தமாக மூட வேண்டாம், சுருக்கினால் போதும். மேக்கில் ‘பரிமாற்றம்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதை மட்டும் விண்டோஸுக்குக் காட்டுங்கள். கொண்டுபோக வேண்டியதை அதில் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் படித்தால் மட்டும் போதும் என்றால், ‘படிக்க மட்டும்’ என்ற தெரிவு பல மென்பொருள்களில் உண்டு, அதைப் போடுங்கள். ஃப்யூஷனில் பகிர்வு நீங்களாக ஆன் செய்தால்தான் வரும். பேரலல்ஸில் நேர் எதிர், நீங்களாகத்தான் குறைக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினின் செக்யூரிட்டி பகுதியில் விண்டோஸை மேக்கிலிருந்து தனிமைப்படுத்தும் ஒரு தெரிவும் பேரலல்ஸில் இருக்கிறது. சந்தேகமான எதையாவது சோதித்துப் பார்க்க வேண்டிய நாளில் அதை டிக் செய்துவிடுவேன்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: இந்தப் பகிர்வு பெரும்பாலும் நெட்வொர்க் வழியாக நடப்பதில்லை. விண்டோஸுக்குள் நிறுவப்படும் ‘டூல்ஸ்’ என்ற துணை மென்பொருள் மேக்கோடு நேரடியாகப் பேசுகிறது. அதனால் ஃபயர்வாலை (நெட்வொர்க் இணைப்புகளை வடிகட்டும் காவல்) எவ்வளவு இறுக்கினாலும் இந்த வழி திறந்தேதான் இருக்கும். நெட் கனெக்‌ஷனைத் துண்டித்தாலும் அப்படியே.

கிளிப்போர்டும் இதே கதைதான். மேக்கில் நீங்கள் காப்பி செய்யும் பாஸ்வேர்ட் விண்டோஸின் கிளிப்போர்டுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே வேவு பார்க்கும் நிரல் ஏதாவது இருந்தால் அதற்கு விருந்து. கிளிப்போர்டுப் பகிர்வை அணைத்து ஒரு வாரம் இருந்து பாருங்கள். உண்மையிலேயே தேவைப்பட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா, காசு கொடுத்து ஏதாவது வாங்க வேண்டுமா?

என் அபிப்பிராயம்: தனிநபர் பயன்பாட்டுக்கு டிஃபெண்டர் போதும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழு ஆன்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகச் செலவில்லை, புதுப்பிப்பும் தானாக வரும். அலுவலகம் வேறு ஒன்றைப் போடச் சொன்னால் அது வேறு விஷயம்.

ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்கு டிஃபெண்டர் பக்கம் சாய இன்னொரு காரணமும் உண்டு. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் இந்த மேக்குகளில் ஓடுவது ஆர்ம் வகைச் சிப். அதில் பேரலல்ஸ், ஃப்யூஷன் வழியாக நீங்கள் வைத்திருப்பது ஆர்முக்கான விண்டோஸ் 11. சாதாரண இன்டெல் நிரல்களை அது மொழிமாற்றம் செய்து ஓட்டிவிடும். ஆனால் விண்டோஸின் அடிமட்டத்தில் இறங்கி வேலை செய்யும் டிரைவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவை ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆன்டிவைரஸின் உயிரே அந்த டிரைவரில்தான் இருக்கிறது. ஆகவே காசு கட்டுவதற்கு முன் ‘ஆர்ம் விண்டோஸில் ஓடுமா’ என்று விற்பவரின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். டிஃபெண்டருக்கு அந்தக் கவலை இல்லை.

வேறு ஆன்டிவைரஸ் நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டையும் வம்படியாக ஒன்றாக ஓட்ட முயலாதீர்கள். 4 ஜிபி மெமரி கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் ஒன்று ஸ்கேன் செய்தாலே மூச்சு வாங்கும்.

டிஃபெண்டர் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள் கொண்ட, யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு வரி. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாம் ‘இதைப் பார்த்தால் வைரஸ் என்று கத்துவோம்’ என்று ஒப்புக்கொண்ட ஒன்று. ஐகார் அமைப்பின் தளத்திலேயே கிடைக்கும். விண்டோஸில் நோட்பேடைத் திறந்து, அந்த வரியை ஒட்டி, சி டிரைவில் ஏதோ ஒரு பெயரில் சேமியுங்கள். விழித்திருக்கும் டிஃபெண்டர் சில நொடிகளில் மூலையில் ஓர் அறிவிப்பைக் காட்டி, கோப்பைப் பிடித்து அடைத்துவிடும். சேமித்த கோப்பு அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ரியல் டைம் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆன்டிவைரஸ் பகுதிக்குள் போயிருக்கும்போதே ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்’ என்பதையும் பார்த்துவிடுங்கள். அறிமுகமில்லாத நிரல்கள் முக்கிய ஃபோல்டர்களில் கைவைப்பதைத் தடுக்கும். வழக்கமாக அது அணைந்துதான் இருக்கும். ஆன் செய்தால் முதல் சில நாள் நல்ல நிரல்களையும் தடுத்து எரிச்சலூட்டும், ஒவ்வொன்றாக அனுமதித்துக்கொண்டே வந்தால் பழகிவிடும்.

மேக்குக்கும் தனி ஆன்டிவைரஸ் போட வேண்டுமா?

விண்டோஸ் வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் போட வேண்டியதில்லை. மேக்குக்கு வைரஸே வராது என்பது பொய்தான். 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற நிரல் ஜாவாவின் ஓட்டை வழியாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. ஆனால் அது மேக்கின் சொந்தப் பிரச்சினை, அதற்கான முடிவைத் தனியாக எடுங்கள்.

ஏற்கெனவே மேக்கில் ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்று செய்தாக வேண்டும். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் கோப்பை அதன் ஸ்கேன் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். உங்கள் மொத்த விண்டோஸும் மேக்கின் பார்வையில் 60, 80 ஜிபி கனமுள்ள ஒரே பெரிய பொட்டலம். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பொட்டலம் மாறியதாகத்தான் கணக்கு. ஸ்கேன் செய்யும் நிரல் அதை விடாமல் நோண்டிக்கொண்டிருந்தால் விண்டோஸ் தவழும். உள்ளே ஏதோ இருப்பதாக நினைத்து முழுப் பொட்டலத்தையும் குவாரன்டைனில், அதாவது தனிச் சிறையில், தூக்கிப் போட்டால் விண்டோஸே காணாமல் போகும். உள்ளே இருப்பதை உள்ளே இருக்கும் டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பகிர்வு ஃபோல்டரை விலக்காதீர்கள், அதை இரண்டு பக்கமும் பார்ப்பதே நல்லது.

மேக்கின் ஃபயர்வாலை ஆன் செய்திருக்கிறேன். விண்டோஸுக்கும் அது போதுமா?

போதாது. முதலில், அது உண்மையில் ஆன் ஆகியிருக்கிறதா என்று சிஸ்டம் செட்டிங்ஸில் ஒருமுறை பாருங்கள். மேக்கில் வழக்கமாக ஃபயர்வால் அணைந்த நிலையில்தான் வரும். ஆன் செய்தாலும், மேக்கில் ஓடும் ஆப்களைத் தேடி வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும்தான் அது கவனிக்கிறது. விண்டோஸுக்குள் எந்த நிரல் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

விண்டோஸ் ஃபயர்வாலோ தொடக்கத்திலிருந்தே ஆன். அழைக்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதைப் பொதுவாக விட்டுவிடும். ஏதாவது நிரல் வேலை செய்யவில்லை என்றால் ‘ஃபயர்வாலை அணைத்துப் பாருங்கள்’ என்பார்கள். அணைத்துப் பார்ப்பவர்கள் திரும்பப் போட மறப்பதுதான் வழக்கம். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

நெட்வொர்க் அமைப்பில் ‘ஷேர்டு’, ‘பிரிட்ஜ்டு’ என்று கேட்கிறது. எது பாதுகாப்பு?

ஷேர்டு. இதை நேட் என்றும் சொல்வார்கள். இதில் விண்டோஸ் மேக்கின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு மேக்கின் ஐபி முகவரி மட்டும்தான் தெரியும். விண்டோஸ் தானாக வெளியே போய்க் கேட்டதற்குப் பதில் வரும், யாரும் தாமாக அதைத் தேடி வர முடியாது. ஃபயர்வாலில் ஏதாவது ஓட்டை இருந்தாலும் இந்த மறைப்பு உதவும்.

பிரிட்ஜ்டு என்றால் விண்டோஸ் முன்வாசலுக்கு வந்துவிட்டது. ரவுட்டரிடம் தனி முகவரி வாங்கிக்கொண்டு, அதே வைஃபையில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் தனி கம்ப்யூட்டராகத் தெரியும். மேக்கின் ஃபயர்வால் அதற்குக் குடை பிடிக்காது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை ரான்சம்வேரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஃபைல் பகிர்வுக்கான 445ஆம் எண் போர்ட் (நெட்வொர்க் கதவு) வழியாக, ஒரு விண்டோஸிலிருந்து பக்கத்து விண்டோஸுக்குத் தானாகத் தாவியது. திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். அப்படி ஒன்று சுற்றும் நெட்வொர்க்கில் பழைய விண்டோஸை பிரிட்ஜ்டில் வைத்திருந்தால் அது நேரே வந்து கதவைத் தட்டும்.

நெட்வொர்க் பிரிண்டர், ஸ்கேனர் தேடுவதற்கோ, விண்டோஸில் சர்வர் ஓட்டி வேறு கருவியிலிருந்து பார்ப்பதற்கோ பிரிட்ஜ்டு தேவைப்படலாம். அந்த வேலைக்கு மட்டும் மாற்றி, முடிந்ததும் திருப்பிவிடுங்கள். வெளி இடங்களின் வைஃபையில் பிரிட்ஜ்டு வேண்டவே வேண்டாம். மூன்றாவதாக ‘ஹோஸ்ட் ஒன்லி’ என்று ஒன்று இருக்கும். அதில் விண்டோஸ் மேக்கோடு மட்டும் பேசும், இன்டர்நெட் கிடையாது.

விண்டோஸ் ‘இந்த நெட்வொர்க் பப்ளிக்கா, பிரைவேட்டா’ என்று கேட்கிறதே?

பப்ளிக். ஷேர்டு அமைப்பில் பக்கத்தில் இருக்கும் கருவிகளைத் தேட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. மேக்கோடு பகிர்ந்த ஃபோல்டர், முன்பே சொன்னபடி, வேறு வழியில் வருவதால் அது நிற்காது.

கோப்பை மேக்கில் டவுன்லோட் செய்து விண்டோஸில் திறக்கிறேன். அதில் என்ன தவறு?

நான் அதிகம் கவலைப்படும் பழக்கம் இது. விண்டோஸில் ஒரு கோப்பை பிரவுசர் இறக்கும்போது, ‘இது இன்டர்நெட்டிலிருந்து வந்தது’ என்று அதன் மேல் ஒரு முத்திரை விழுகிறது. விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவல் எச்சரிப்பதும், வேர்ட் ஒரு கோப்பை மஞ்சள் பட்டையோடு, எடிட் செய்ய விடாமல் திறப்பதும் அந்த முத்திரையைப் பார்த்துத்தான். மேக்கிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, ஆனால் அது ஆப்பிளின் முத்திரை, விண்டோஸுக்குப் புரியாது. சஃபாரியில் இறக்கிப் பகிர்வு ஃபோல்டர் வழியாகக் கொண்டுபோகும்போது விண்டோஸின் முத்திரை இல்லாமல் கோப்பு உள்ளே நுழைகிறது. டிஃபெண்டர் பார்க்கும், ஆனால் ஒரு காவல் குறைந்துவிட்டது. விண்டோஸுக்கான நிரலை விண்டோஸின் பிரவுசரிலேயே இறக்குங்கள்.

இன்னொன்று. மேக்கில் எக்ஸ்இ கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பேரலல்ஸ் இருந்தால் நடக்கும். அது விண்டோஸை எழுப்பி, கோப்பை அங்கே ஓடவிடும். மெயிலில் வந்த ‘இன்வாய்ஸ்’ மேக்கில் திறந்ததுபோல் இருக்கும், ஓடுவது விண்டோஸில்.

மாதத்துக்கு ஒருமுறைதான் விண்டோஸைத் திறக்கிறேன். அதற்கும் இவ்வளவு தேவையா?

உங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. ஒரு மாதம் தூங்கி எழுந்த விண்டோஸின் வைரஸ் பட்டியலும் ஒரு மாதப் பழசு. திறந்ததும் பிரவுசருக்குப் போகாமல், டிஃபெண்டரைப் புதுப்பித்து, விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இன்னொரு சிக்கல், பெரும்பாலோர் விண்டோஸை ஷட்டவுன் செய்வதில்லை, சஸ்பெண்ட் செய்கிறார்கள். நின்ற இடத்திலிருந்தே திரும்பத் தொடங்குவதால், ரீஸ்டார்ட் ஆனால்தான் முடியும் அப்டேட்டுகள் வாரக்கணக்கில் வாசலிலேயே காத்துக்கிடக்கும். அவ்வப்போது முறையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விர்ச்சுவல் மெஷினின் அன்றைய நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். ஏதாவது ஆனால் பின்னால் போய்விடலாம் அல்லவா?

போகலாம், விர்ச்சுவல் மெஷினின் பெரிய வரமே அதுதான். ஆனால் பின்னால் போகும்போது அன்றைய வைரஸ் பட்டியல், அன்றைய அடைபடாத ஓட்டைகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் போகிறீர்கள். திரும்பியதும் முதல் வேலை அப்டேட். பகிர்வு ஃபோல்டரில் பாழான கோப்புகள் ஸ்னாப்ஷாட்டில் திரும்பாது, அவை மேக்கில் இருப்பவை. அதற்கு மேக்கின் டைம் மெஷின் போன்ற தனி பேக்கப்தான் வழி. ஸ்னாப்ஷாட் மூல டிஸ்க்கைச் சார்ந்து நிற்பது, டிஸ்க் கெட்டால் அதுவும் போகும் என்பதால் அதையே பேக்கப் என்று நம்பவும் முடியாது.

விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழையது ஒன்றை ஒரு மென்பொருளுக்காக வைத்திருக்கிறேன்.

நெட்டைத் துண்டித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், 7க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் திருத்தங்கள் தொடர்கின்றன. ஆன்டிவைரஸ் எதைப் போட்டாலும் அடைபடாத ஓட்டையை அது அடைக்காது.

விர்ச்சுவல் மெஷினையே உடைத்துக்கொண்டு வைரஸ் மேக்குக்குள் குதிக்க முடியுமா?

முடியும், ஆனால் அரிது. 2015இல் ‘வெனம்’ என்று ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது இருந்த இடம் க்யூஇஎம்யூ என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் ஃப்ளாப்பி டிரைவ் பகுதி! யாரும் பயன்படுத்தாத ஃப்ளாப்பியைப் பாவனை செய்யும் பழைய நிரல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. யூடிஎம் அந்த க்யூஇஎம்யூவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் விஎம்வேருக்கு வந்த திருத்தங்களில் ஒன்று ஃப்யூஷனுக்கும் பொருந்தியது. இப்படிப்பட்ட வித்தையை வீட்டுப் பயனர்மேல் வீணாக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: விண்டோஸையும் மேக்கையும் மட்டுமல்ல, நடுவில் இருக்கும் பேரலல்ஸையோ ஃப்யூஷனையோகூடப் புதுப்பித்து வையுங்கள். தேவையற்ற விர்ச்சுவல் கருவிகளை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் நிரலை ஓட்டும் வைன், கிராஸ்ஓவர் பயன்படுத்தினால்?

அது விர்ச்சுவல் மெஷினே அல்ல. விண்டோஸ் இல்லை, ஆகவே டிஃபெண்டரும் இல்லை. விண்டோஸ் நிரல் நேராக மேக்கிலேயே, உங்கள் பெயரில் ஓடுகிறது. வைனில் வழக்கமாக ‘இசட்’ டிரைவ் என்பது மேக்கின் முழு டிஸ்க்கையும் காட்டும். விர்ச்சுவல் மெஷினில் இருக்கும் சுவர் இங்கே கிடையாது. நம்பகமான நிரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் (மேக்கையே நேராக விண்டோஸில் தொடங்கும் வசதி) என்றால் அது நேரடி விண்டோஸ் கம்ப்யூட்டர், அதற்குரிய எல்லாமும் வேண்டும்.

மேக்கில் விபிஎன் (நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) ஓடினால் விண்டோஸும் அதில் போகுமா?

ஷேர்டு அமைப்பில் பொதுவாகப் போகும். பிரிட்ஜ்டில் போகாது. விண்டோஸின் பிரவுசரில் உங்கள் ஐபி என்ன காட்டுகிறது என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸில் வைரஸ் புகுந்துவிட்டது போல இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். உடனே பகிர்வு ஃபோல்டரையும் கிளிப்போர்டையும் அணையுங்கள். இரண்டையும் மேக் பக்கத்து மெனுவிலிருந்தே செய்யலாம், விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. கோப்புகள் கண்ணெதிரே பூட்டப்பட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் பார்க்காமல் விர்ச்சுவல் மெஷினை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பகிர்வு ஃபோல்டரில் எது மாறியிருக்கிறது என்று மேக்கில் தேதிவாரியாகப் பாருங்கள். பெயரோ பின்னொட்டோ மாறிய கோப்புகள் இருந்தால் பேக்கப்பிலிருந்து பழையதை எடுங்கள். பேக்கப் டிஸ்க் மேக்கோடு சேர்ந்திருந்தால் தொடக்கத்திலேயே அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், பழையதை எடுக்கும்போது மட்டும் திரும்பச் சேருங்கள்.

விண்டோஸைச் சுத்தம் செய்ய உட்கார்ந்து மணிக்கணக்கைச் செலவழிக்காதீர்கள். சந்தேகத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் இருந்தால் அதற்குப் போங்கள். எப்போது புகுந்தது என்று தெரியாவிட்டால் அந்த விர்ச்சுவல் மெஷினையே அழித்துப் புதிதாக நிறுவுங்கள், நிஜ கம்ப்யூட்டரில் இதுவே ஒரு நாள் வேலை. விண்டோஸுக்குள் தட்டிய பாஸ்வேர்ட் எல்லாவற்றையும், வங்கியும் மெயிலும் முதலில், மேக்கிலிருந்து மாற்றுங்கள். புதிய பாஸ்வேர்டைப் பழைய விண்டோஸில் தட்டிப் பார்க்க வேண்டாம்.